பெருவில் ஆர் இருக்கினம் என்று கேட்டவர்களுக்கு

பெருவுக்குப் போகப்போகிறேன் என்று நான் சொன்னபோது ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"அங்க ஆர் இருக்கினம்?"

அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். எங்கட சனம் உலகம் முழுக்கப் பறக்கிறது. பறக்கிறதெல்லாம் ஆற்றையோ வீட்டுக்குத்தான். ரொறன்ரோவில் மச்சாள் வீடு, லண்டனில் சித்தப்பா வீடு, பாரிசில் தங்கச்சி வீடு, சுவிசில் ஒரு சாமத்தியவீடு. விமானத்தால் இறங்கினால் யாராவது காரோடு நிற்கவேண்டும். சோறும் மீன்குழம்பும் தரவேண்டும். அடுத்த நாள் ஒரு கோயிலையும் ஒரு மோலையும் காட்டவேண்டும். இதற்குப் பெயர் பயணமாம். நானும் இருபத்தைந்து வருசத்துக்கு மேல் அப்படித்தான் பறந்தேன். பாரிசுக்கு மூன்று தரம் போயிருக்கிறேன். அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தை ஓடுகிற காருக்குள் இருந்து ஒரு தரம் பார்த்தேன், அதுவும் பாதி.

இப்போது பெருவுக்குப் போய் வந்துவிட்டேன். அதே சனம் இப்போது ஃபோன் எடுத்து, எந்த மாதம் போறது, என்ன கொண்டுபோறது, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமோ என்று கேட்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஆனால் அதை ஒரு காது மிஷினில் இருந்துதான் தொடங்கவேண்டும், ஏனென்றால் அது இல்லாவிட்டால் நான் போயே இருக்கமாட்டேன்.

நான் மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். கிழங்கு, வெங்காயம், கரட் பக்கம் என்னுடையது. என்னோடு நாலு வருசமாக ஒரு பெருக்காரி வேலை செய்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. இரண்டு பேரும் உடைந்த பிரெஞ்சில் கதைப்போம். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அவளோடு சண்டை பிடித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தால் பெட்டிகள் அடுக்குகிற இடத்துக்குப் போய் நின்று ஃபோனில் கத்துவாள். சந்தையின் மற்றப் பக்கத்தில் பூ விற்கிறவனுக்கும் கேட்கும். ஒரு நாள் தாங்கமுடியாமல் போய், கொஞ்சம் மெதுவாகக் கதைத்தால் என்ன, மனிசர் சாப்பிடுவதில்லையா என்று ஏசினேன். அவள் ஃபோனை வைத்துவிட்டுச் சொன்னாள், அது அம்மா, அவவுக்குக் காது கேட்காது, கத்தினால்தான் பாதியாவது விழும் என்று.

அதற்குப் பிறகு நான் வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டேன்.

அவளுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. முடியும்வரை ஊருக்குப் போகமுடியாது. அது என்ன மாதிரி என்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தாயின் பழைய காது மிஷின் பழுதாகிப் போனது. தாயைக் கூஸ்கோ நகரத்தில் காது டொக்டரிடம் கூட்டிப்போய்ச் சோதித்த கடதாசியை யாரோ படம் பிடித்து அனுப்ப, அதற்கு ஏற்றமாதிரி இங்கே ஒரு புது மிஷின் செய்வித்தாள். தபாலில் அனுப்பினாள். போய்ச்சேரவில்லை. எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. மறுபடி மாதக்கணக்காக மிச்சம் பிடித்து இரண்டாவது மிஷின் வாங்கினாள். இந்தத் தரம் தபாலை நம்பமாட்டேன் என்று லொக்கருக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அங்கே போகிற ஆள் ஒருவரும் அகப்படவில்லை. மாதங்கள் போனது. மிஷின் மொன்றியலில் லொக்கருக்குள், காது பெருவில்.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளில் இல்லை. பொதுவாக எல்லாத்திலும். நான் கொண்டுபோறன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் மனிசனிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் இருந்து லொறியில் கொன்டெய்னர் இழுக்கிறவர். நாள் முழுக்க ரோட்டில் நிற்கிறதால் லீவு என்றால் கதிரையை விட்டு எழும்பமாட்டார்.

"உதைச் சொல்ல முதல் என்னட்டக் கேட்டனீரோ?"

"கேட்டா ஓமெண்டோ சொல்லியிருப்பியள்?"

"இல்லை."

"அதுதான் கேக்கேல்லை."

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். மற்றவர்களை ஏசுகிறேனே தவிர, எனக்கும் போய் நிற்க ஒரு வீடு வேண்டியிருந்தது. இருந்தது ஆற்றையோ தாயின் வீடு. அதுவும் போதும்.

இனி அறிவுரை. முதலாவது, பெரு ஒரு நாடு இல்லை, மூன்று. கடற்கரை ஒன்று, மலை ஒன்று, காடு ஒன்று. மூன்றுக்கும் மூன்று காலநிலை, மூன்று உடுப்பு. இரண்டு கிழமை லீவில் மூன்றையும் பார்க்கிறேன் என்று வெளிக்கிட்டால் விமான நிலையங்களைத்தான் பார்ப்பீர்கள். நாங்கள் கடற்கரையும் மலையும் பார்த்தோம். காட்டுக்குப் போகவில்லை. போவதென்றால் பயணத்துக்குக் கனநாள் முதலே டொக்டரிடம் போய் ஊசி, மாத்திரை எல்லாம் கேளுங்கள். கடைசிக் கிழமை ஓடாதேயுங்கள்.

நாங்கள் போனது ஜூலையில். மலைக்கு அதுதான் மழை இல்லாத காலம். தென் அமெரிக்கா என்றால் வெக்கை என்று நினைத்து மனிசன் அரைக்கை சேட்டாக அடுக்கினார். குளிரும் என்று சொன்னேன். மொன்றியல் குளிரைப் பார்த்தவனுக்கு என்ன குளிர் என்று சிரித்தார். மொன்றியலில் குளிர் வெளியே, வீட்டுக்குள் ஹீட்டர். அங்கே மலையில் ஹீட்டர் என்ற சாமான் கிடையாது. வெளியே வெயில் சுடும், வீட்டுக்குள் பல்லுக் கிட்டும். இரண்டாம் நாளே அவர் என்னுடைய சால்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார். படம் இருக்கிறது. கேட்டால் அனுப்புவேன்.

சூட்கேஸ் அடுக்கிய கதையைத்தான் எல்லாரும் கவனமாக வாசிக்கவேண்டும், ஏனென்றால் நீங்களும் இதைத்தான் செய்வீர்கள். எங்களுக்குச் சாமான் இல்லாமல் பயணம் போகத் தெரியாது. வறுத்த கறித்தூள் ஒரு பை, கடுகு, வெந்தயம், பருத்தித்துறை வடை, கொஞ்சம் கருவாடு. பெருவில் இரண்டு கிழமை இருக்கிற ஆளுக்குக் கருவாடு ஏன் என்று கேட்கவேண்டாம். கை தானாக எடுத்து வைக்கும். பெருக்காரி ஒரு சப்பாத்துப் பெட்டி தந்தாள். அதற்குள் காது மிஷின், அதற்கான சின்னச் சின்ன பற்றறிகள், தாய்க்கு ஒரு சால்வை. பெட்டிக்குள் இடம் மிச்சம் இருந்தது. எங்கட ஆக்களிடம் ஒரு பெட்டியில் காற்று இருந்தால் அது பெரிய பாவம். கறித்தூளை இரண்டாகப் பிரித்து, ஒரு பொலித்தீன் பையில் முடிந்து, மிஷினுக்குப் பக்கத்தில் அடைத்தேன். அடிபடாமல் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் இன்னொன்றும் தந்தாள். தன் குரலை என் ஃபோனில் ஸ்பானிஷில் பதிந்து தந்தாள், எங்கேயாவது கரைச்சல் வந்தால் இதைப் போட்டுக் காட்டு என்று. சரி சரி என்று வாங்கினேன்.

ரொறன்ரோவில் விமானம் மாறினோம். மச்சாள் ஃபோன் எடுத்து, இவ்வளவு கிட்ட வந்திட்டு வீட்டுக்கு வராமல் போறியளோ என்று அழாக்குறையாகக் கேட்டாள். பிறகு, அங்க ஆர் இருக்கினம் என்று மறுபடியும் கேட்டாள். ஃபோனில் சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன்.

விடிய லீமாவில் இறங்கினோம். சூட்கேஸை எடுத்துக்கொண்டு வெளியே போகிற வழியில் அதை ஸ்கான் மிஷினுக்குள் போடச் சொன்னார்கள். போட்டேன். ஒரு அதிகாரி கையைக் காட்டி என்னைப் பக்கத்துக்கு எடுத்தாள். சாப்பாட்டுச் சாமான், விதை ஏதாவது இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இல்லை என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. நாட்டை விட்டு வெளிக்கிட்ட காலத்தில் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்ற் சொல்லித் தந்தது அது. உடுப்புப் போட்டவன் என்ன கேட்டாலும் இல்லை, தெரியாது. அதுக்கு மேல் வாய் திறக்கக்கூடாது. கனடாக் கடவுச்சீட்டு எடுத்து எத்தனையோ வருசம் ஆகியும் சீருடையைக் கண்டால் என் வாய் அந்த இரண்டு சொல்லைத்தான் சொல்லும்.

அவள் சூட்கேஸைத் திறந்தாள். கருவாடு முதலில் வந்தது. பிறகு கடுகு. பிறகு சப்பாத்துப் பெட்டி. சிவப்புத் தூள் முடிச்சையும், வயரும் பற்றறியுமாக இருந்த அந்தச் சின்ன மிஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். யாருடைய பெட்டி என்று கேட்டாள். என்னுடையது என்றேன். இது என்ன என்று கேட்டாள். என்னுடைய காது மிஷின் என்றேன். அவள் தலையைக் குனிந்து, தாளைப் பார்த்தபடி, மிகவும் மெதுவாக அடுத்த கேள்வியைக் கேட்டாள். நான் உடனே பதில் சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னுடைய இரண்டு காதையும் பார்த்தாள்.

பெட்டியைத் தூக்கி அந்தப் பக்கத்து மேசையில் வைத்தாள். எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை, இரண்டாவது மிஷினும் போகப்போகிறது, என் கையால் போகப்போகிறது என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. சந்தைக்குத் திரும்பிப் போய் பெருக்காரியின் முகத்தில் எப்படி முழிப்பது.

அப்போதுதான் மனிசன் வாய் திறந்தார். எந்த ஒபீசில் போய் நின்றாலும் எனக்குப் பின்னால் ஒளிக்கிற மனிசன்.

"இஞ்சரும். உள்ளதைச் சொல்லும். இது அந்தக் காலம் இல்லை."

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். தூள் என்னுடையது, மிஷின் இன்னொருத்தியின் தாயுடையது, நான் பயத்தில் பொய் சொன்னேன் என்று என்னுடைய சந்தை ஆங்கிலத்தில் சொன்னேன். ஃபோனில் இருந்த குரலைப் போட்டேன். பெருக்காரியின் குரல் அந்த மேசையில் இருந்து எழும்பியது. பழக்கதோசத்தில் அதிலும் கத்தித்தான் பேசியிருந்தாள். பக்கத்து மேசைக்காரனும் திரும்பிப் பார்த்தான். அதிகாரி கடைசிவரை கேட்டாள். பிறகு கறித்தூள் முடிச்சை மணந்து பார்த்துவிட்டு மூன்று தரம் தும்மினாள். கருவாடு, கடுகு, வெந்தயம், தூள் எல்லாம் போனது. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். அடுத்த தரம் முதலே எழுதிக் கொடு என்று கண்டிப்பாகச் சொன்னாள். வடையை அவள் எடுக்கவில்லை. சப்பாத்துப் பெட்டியை மூடி, தன் கையாலேயே என் கையில் தந்தாள்.

ஆகவே அறிவுரை இதுதான். அங்கே ஒரு ஏஜென்றும் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கொண்டுபோகிறதை எழுதுங்கள். கேட்டால் ஓம் என்று சொல்லுங்கள். அடுத்தவனின் பெட்டிக்குள் உங்கள் தூளை அடைக்காதேயுங்கள்.

லீமாவில் ஒரு நாள் நின்றோம். வானம் சாம்பல், தூறலும் இல்லை வெயிலும் இல்லை, பக்கத்தில் முழுக் கடல். மத்தியானம் சின்னக் கடைகளில் சூப், சோறு, குடிக்க ஒன்று என்று சேர்த்துத் தருவார்கள். அதைச் சாப்பிடுங்கள், மலிவு, சுடச்சுட. வெள்ளிக்கிழமை சைவம் என்றால் இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதாது. இறைச்சி இல்லாமல் கோழி வரும். கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அப்படியும் சூப்பை ஒரு தரம் மணந்து பாருங்கள்.

உறைப்பு விசயத்தில் திமிர் வேண்டாம். எங்கட மனிசன் தட்டு ஓரத்தில் குடைமிளகாய் மாதிரி வடிவாக இருந்த ஒன்றைப் பார்த்து, இவங்களுக்கு என்ன உறைப்புத் தெரியும், நாங்கள் யாழ்ப்பாணம் என்று சொல்லி ஒரு கடி கடித்தார். பிறகு பத்து நிமிசம் வாயைத் திறந்து கையால் விசுக்கிக்கொண்டு இருந்தார். கண்ணீர் வந்தது. கடைக்காரி வந்து அவருடைய முதுகைத் தடவிவிட்டுப் போனாள். எனக்கு அந்த நிமிசமே அந்த நாடு பிடித்துவிட்டது.

குழாய்த் தண்ணீர் குடிக்கவேண்டாம். கக்கூசுக்குள் கடதாசி போடவேண்டாம், பக்கத்தில் ஒரு வாளி இருக்கும், அதற்குள். வெளியே போகும்போது சொந்தக் கடதாசி கொண்டுபோங்கள். டொலர் கொண்டுபோவதென்றால் கிழியாத தாளாகக் கொண்டுபோங்கள், ஓரம் கொஞ்சம் கிழிந்தாலும் வாங்கமாட்டார்கள். மலை உச்சியில் இருக்கிற அந்தப் பழைய கல் நகரத்துக்குப் போவதென்றால் மாதக்கணக்கில் முதலே டிக்கற் எடுங்கள். வாசலில் போய் நின்று கெஞ்சி ஒன்றும் நடக்காது. கெஞ்சிப் பார்த்தேன்.

கூஸ்கோவில் விமானத்தால் இறங்கியதும் மூச்சு எடுக்கமுடியாது. அது வருத்தம் இல்லை, உயரம். பெருக்காரி முதலே சொல்லிவிட்டாள், கூஸ்கோவில் நிற்காதே, நேரே கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கு, ஒரு இரவு படு, கொஞ்சமாகச் சாப்பிடு, ஓடாதே என்று. இதைத் தட்டாமல் கேட்டேன். கோக்கா இலைத் தேத்தண்ணி தருவார்கள், குடியுங்கள், தலையிடிக்குச் சுகம். ஆனால் அதில் ஒரு பொட்டலம்கூடக் கனடாவுக்குக் கொண்டுவராதேயுங்கள், இங்கே அது சட்டப்படி குற்றம்.

அடுத்த நாள் காலை பத்து மணிபோல் பள்ளத்தாக்கில் அந்தச் சின்ன ஊரின் சந்தைக்குப் போனோம். தாய் அங்கேதான் இருப்பா, வீட்டில் தேடாதே என்று மகள் சொல்லியிருந்தாள். தாயும் கிழங்குதான் விற்கிறா.

நான் கிழங்கு விற்கிறவள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பெட்டிக்குப் பின்னால் நிற்கிறவள். பெருக்காரி எங்கள் பெட்டிகளைப் பார்த்து எப்போதும் உதட்டைப் பிதுக்குவாள். ஏன் என்று அன்றைக்கு விளங்கியது. நிலத்தில் துணி விரித்துக் குவித்திருக்கிறார்கள். கறுப்பு, ஊதா, பாதி சிவப்புப் பாதி மஞ்சள், விரல் மாதிரி நீளம், முறுக்கு மாதிரி முறுகினது, கூழாங்கல் மாதிரி வெள்ளையாகக் காய்ந்தது ஒன்று. அது, பெருக்காரி பிறகு சொன்னபடி, பனியில் உறையவிட்டு, மிதித்து, வெயிலில் காயவிட்ட கிழங்காம், வருசக்கணக்கில் கிடக்குமாம். ஒரு கிழங்கை வெட்டிக் காட்டினார்கள், உள்ளே ஊதாவில் ஒரு வளையம். நான் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். என் வயதுக்குத் துள்ளக்கூடாது, அந்த உயரத்தில் துள்ளவே கூடாது. துள்ளினேன். மூச்சு வாங்கியது. மனிசன், அங்க வேலை செய்து வந்து இஞ்சயும் கிழங்கோ பாக்கிறீர் என்று கேட்டார். போங்கோ அங்கால என்றேன்.

வரிசையின் கடைசியில் ஒரு உயரத் தொப்பியும் இரண்டு பின்னலுமாக அவ இருந்தா. ஃபோனில் பார்த்த முகம். வாங்குகிறவர்கள் அவவிடம் விரலைக் காட்டித்தான் கணக்குக் கேட்டார்கள். நான் போய்ச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தேன். மகளின் படத்தைக் காட்டினேன். அவ என் கையைப் பிடித்த பிடி இன்னும் கையில் இருக்கிறது. பக்கத்தில் கீரை விற்கிற பெண் எழும்பி வந்தாள். பழைய மிஷினையும் மாட்டிவிட்டது தான்தான் என்று கையால் காட்டினாள், அவளுக்கு வழி தெரியும். பற்றறியைப் போட்டு, காதுக்குள் வைத்து, சின்னப் பொத்தானை அமத்தினாள். தாய் கண்ணை மூடினா. பிறகு திறந்து, சந்தையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தா, யாரோ கூப்பிட்ட மாதிரி.

மணியைப் பார்த்தேன். எங்களுக்குப் பதினொன்று என்றால் மொன்றியலில் பன்னிரண்டு. சாப்பாட்டு நேரம். எடுத்தேன். ஃபோனில் அவளுடைய முகம், பின்னால் எங்கள் பெட்டிகள். நான் ஒன்றும் சொல்லாமல் ஃபோனைத் தாயின் பக்கம் திருப்பினேன்.

அவள் வழக்கம்போல் கத்தினாள்.

தாய் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தா. பிறகு கோபமாக என்னவோ சொன்னா. கீரைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன சொன்னா என்று மொன்றியலுக்கு வந்த பிறகுதான் மகள் எனக்குச் சொன்னாள்.

"ஏன் கத்துறாய், நான் என்ன செவிடோ?"

அதற்குப் பிறகு ஃபோனில் அவளுடைய வாய் மட்டும் அசைந்தது. குரலைத் தாழ்த்திவிட்டாள். பக்கத்தில் குந்தியிருந்த எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. தாய் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தா. கிழங்கு வாங்க வந்தவர்களைக் கையைக் காட்டி நிற்பாட்டினா.

போன கிழமை எங்கள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுக்கும் தாய்க்கும் ஏதாவது கோபமா, இப்போது கதைக்கிற சத்தமே இல்லையே என்று கேட்டார்.

ஒவ்வொரு நாளும் கதைக்கிறாள், உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்றேன்.